அமெரிக்க மாப்பிள்ளை: நிக்காஹ் மட்டும் போதுமா?

 

நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சபுர் போனார்கள். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறை அரபு நாடுகளுக்குப் போனது. பெரும்பாலும் போனவர் கணவர். ஊரில் இருந்தவர் மனைவி. விடுமுறையும் கடிதமும் மாதப் பணமுமாக அந்த இல்லறங்கள் நடந்தன. அயல்நாட்டு அரசுக்குத் தாள் காட்ட வேண்டிய பொறுப்பு கணவர் ஒருவருக்கே இருந்தது. வீட்டிலிருந்த பெண்ணிடம் யாரும், "நீ இவருடைய மனைவிதானா? அதற்கு என்ன சான்று?" என்று கேட்டதில்லை.

இன்று நம் பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்தும் வரன்கள் வருகின்றன. அங்கே வேலைக்குச் சென்று குடியுரிமை பெற்றவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் எனப் பலவகை மாப்பிள்ளைகள். இவர்களை மணக்கும் பெண் கணவரோடு சென்று வாழ வேண்டுமானால், அந்நாட்டு அதிகாரி அவளையே எதிரில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்பார். அதற்குச் சரியான விடை தந்தால் அவளுக்குக் கிடைக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டையைத்தான் 'கிரீன் கார்டு' என்று சொல்கிறோம்.

நிக்காஹ் விருந்துக்கு எத்தனை ஆடு அறுப்பது என்று மாதக்கணக்கில் ஆலோசிக்கும் நாம், இந்தக் கேள்விக்கான ஆயத்தத்தைப் பற்றி ஒருநாளும் அமர்ந்து பேசுவதில்லை. மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகுதான் "என்னென்ன தாள் வேண்டுமாம்?" என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். அதற்குள் அவர் கையொப்பமிட வேண்டிய தாள்கள் இங்கே கிடக்கின்றன. அவரோ கடல் கடந்து போய்விட்டார்.

திருமறையின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பணத்துக்கே அத்தனை கவனம் வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யும் தாள்களுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? சிந்தித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை யார் என்பதை முதலில் கேளுங்கள்

"மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்" என்பது போதிய விடையன்று. அவர் அந்நாட்டுக் குடிமகனா, கிரீன் கார்டு பெற்றவரா, வேலை விசாவில் இருப்பவரா என்பதைப் பெண் பேசும்போதே கேட்க வேண்டும். குடிமகனின் மனைவிக்கு ஆண்டுதோறும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. கிரீன் கார்டு பெற்றவரின் மனைவிக்கு அந்த வரம்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் தம் முறை வரும்வரை அவர் காத்திருக்க நேரலாம். வேலை விசாவில் மட்டும் இருப்பவரோ மனைவிக்காகக் கிரீன் கார்டு மனு போடவே இயலாது. அவருடைய மனைவி செல்லும் வழி வேறு.

மனுவைத் தாக்கல் செய்பவர் கணவர். ஐ-130 என்ற படிவத்தை அவர் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். மனைவியைப் பற்றிய விவரங்கள் ஐ-130ஏ என்ற துணைப் படிவத்தில் இடம்பெறும். 2024 ஏப்ரல் 1 முதல் இதற்கான கட்டணம் தாள்வழி 675 டாலர், கணினிவழி 625 டாலர் என்று வகுக்கப்பட்டது. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்துக்குச் செல்லும். அதன்பின் மனைவி டிஎஸ்-260 என்ற விண்ணப்பத்தைக் கணினிவழி நிரப்பி, சான்றுகளின் படிகளை ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நேர்காணல் நாள் குறிக்கப்படும். சென்னை ஜெமினி வட்டத்தருகே உள்ள துணைத் தூதரகத்துக்குப் போனால் போதும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். இந்தியாவில் வசிப்போருக்கான இவ்வகை நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில்தான் நடைபெறுகின்றன. பயணத்துக்கும் தங்குவதற்கும் இப்போதே திட்டமிட்டுக் கொள்ளுங்கள்.

இந்த நீண்ட பாதையில் கேட்கப்படும் தாள்கள் பலவானாலும் அவற்றின் நோக்கம் இரண்டுதான். இத்திருமணம் சட்டப்படி செல்லுமா? இத்திருமணம் உண்மையானதா? ஒவ்வொன்றாகக் காண்போம்.

தஃப்தரும் பதிவு அலுவலகமும்

நம் பள்ளிவாசல் தஃப்தரில் மணமகன் கையொப்பமிடுகிறார். வலீயும் சாட்சிகளும் கையொப்பமிடுகிறார்கள். மஹர் தொகை எழுதப்படுகிறது. மார்க்கப்படி நிக்காஹ் நிறைவேறிவிடுகிறது. ஆனால் அத்துடன் அரசின் கடமையும் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக் கொள்கிறோம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி, 2009 நவம்பர் 24-ஆம் நாள் முதல் நடைபெறும் திருமணங்கள் எம்மதத்தினருடையதாயினும் பதிவு செய்யப்பட வேண்டும். திருமண நாளிலிருந்து 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள்கள் அவகாசம் உண்டு.

இங்கேதான் அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் இடறுகிறார்கள். மாப்பிள்ளைக்கு மூன்று வாரமோ நான்கு வாரமோ விடுமுறை. அதில் நிக்காஹ், வலீமா, மறுவீட்டு விருந்து, உறவினர் வீடுகள் என்று நாள் ஓடிவிடுகிறது. பதிவு அலுவலகம் செல்வது மட்டும் விட்டுப்போகிறது. ஆகவே விருந்துகளைத் தேதியிடுவதற்கு முன் பதிவுக்குத் தேதியிடுங்கள். பள்ளிவாசல் தரும் நிக்காஹ் சான்று, அழைப்பிதழ், இருவருடைய வயதுச் சான்றும் முகவரிச் சான்றும், புகைப்படங்கள், சாட்சிகள் ஆகியவற்றை நிக்காஹுக்கு முந்தைய வாரத்திலேயே ஒழுங்கு செய்து கொண்டால் ஒரே நாளில் காரியம் முடியும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தஃப்தரில் பெயர்களை எழுதும்போது வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து எழுதுங்கள். மணமகன் முன்பு மணமானவரா என்பதற்குரிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். உங்கள் பேனாவின் ஒரு கோடு அந்தப் பெண்ணின் பயணத்தைப் பல மாதங்கள் தள்ளிப்போடக்கூடும்.

நேரில் இல்லாத நிக்காஹ்

தொலைபேசியிலும் காணொலியிலும் நிக்காஹ் நடத்துவது இன்று பெருகியிருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இதில் தெளிவாக ஒரு நிபந்தனை விதிக்கிறது. திருமணச் சடங்கின்போது மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லையென்றால், அச்சடங்குக்குப் பின்னர் அவர்கள் இல்லறத்தில் கூடி வாழ்ந்திருந்தாலன்றி, அவர்களைக் கணவன் மனைவியாக அச்சட்டம் ஏற்பதில்லை. "நிக்காஹை இப்போது போனில் முடித்துவிடுவோம், பெண்ணை விசா வந்ததும் அனுப்பி வைப்போம்" என்று திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் விசாவே வராது.

நம் ஊர் வழக்கத்திலும் மாப்பிள்ளை பள்ளிவாசலில் அமர்ந்திருக்க, பெண் வீட்டில் இருப்பாள். வலீயும் சாட்சிகளும் சென்று அவள் சம்மதத்தைக் கேட்டு வருவார்கள். நிக்காஹுக்குப் பின் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த நாள்கள் இருப்பதால் இதில் அச்சமில்லை. ஆயினும் அந்த நாள்களுக்குச் சான்று வேண்டும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரை, விமானச் சீட்டு, இருவரும் சென்ற ஊர்களின் பயணச் சீட்டு, தங்கிய விடுதியின் ரசீது ஆகியவற்றைக் கிழித்தெறியாமல் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். முதல் மனைவியோடுள்ள திருமணம் நீடிக்கும்போது செய்யும் இரண்டாம் நிக்காஹை நம் நாட்டில் முஸ்லிம் தனியார் சட்டம் அனுமதித்தாலும், அமெரிக்கச் சட்டம் ஏற்பதில்லை. அத்தகைய திருமணத்தின் மீது கிரீன் கார்டு மனு நிற்காது. பெண்ணைப் பெற்றவர்கள் இதை விசாரிக்கக் கூச்சப்படக் கூடாது.

பெயரில் வரும் பிணக்கு

நம்மிடையே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக் கொள்கிறோம். பாஸ்போர்ட்டிலோ பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஒன்றை வெறுமையாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் 'இயற்பெயர் தெரியாது' என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துகள் அச்சாகி, அதுவே அவர் பெயர்போல அங்குள்ள அலுவலகங்களில் ஒட்டிக்கொள்வதுண்டு.

போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நாம் ஐந்து வகையாக எழுதுகிறோம். ஃபாத்திமா என்ற மகள் பள்ளிச் சான்றில் 'பி' எழுத்திலும், ஆதாரில் 'எஃப்' எழுத்திலும், தஃப்தரில் 'பீவி' சேர்த்தும் மூன்று பெண்களாகத் தெரிகிறாள். நேர்காணல் அதிகாரிக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது. எனவே பெண் பேசி முடிந்தவுடன் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், ஆதார் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். சிறு வேறுபாட்டுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் துணைநிற்கலாம். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருத்துவதே முறை. மனு போட்ட பின் திருத்தத் தொடங்கினால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு பெயர் நின்றுவிடும்.

மற்ற சான்றுகள்

பிறப்புச் சான்று நகராட்சி, மாநகராட்சி அல்லது பிறப்பு இறப்புப் பதிவாளர் வழங்கியதாக இருக்க வேண்டும். பெற்றோர் இருவர் பெயரும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும். மருத்துவமனை தந்த துண்டுச் சீட்டு இதற்கு ஈடாகாது. பதிவே இல்லையென்றால், 'பதிவு காணப்படவில்லை' என்ற சான்றை அதே அலுவலகத்தில் பெற்று, பள்ளிச் சான்று போன்ற துணைச் சான்றுகளை இணைக்கலாம்.

காவல்துறை நற்சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழங்குகிறது. 16 வயது நிரம்பியவர்களுக்கு இது தேவை. வளைகுடாவில் வாழ்ந்து திரும்பியவர்கள் மேலும் ஒன்றைக் கவனியுங்கள். 16 வயதுக்குப் பின் வேறொரு நாட்டில் 12 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றையும் கேட்பார்கள். தந்தையோடு துபாயிலோ குவைத்திலோ பள்ளி முடித்த பெண்பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். எந்த நாட்டுச் சான்றை எவ்வாறு பெறுவது என்ற பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுவாரியாக வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்து முன்கூட்டியே முயற்சி செய்யுங்கள்.

இருவரில் எவருக்கேனும் முந்தைய திருமணம் இருந்திருந்தால் அது முடிந்ததற்குச் சான்று வேண்டும். துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று. மணவிலக்கு என்றால் நீதிமன்ற ஆணையே உறுதியானது. ஒரே மூச்சில் மொழியப்படும் முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆகவே பழைய தலாக் தாள் ஒன்றை மட்டும் நம்பி மறுமணத்துக்கு நாள் குறிக்காமல், ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். முந்தைய திருமணத்தில் குழந்தை இருந்தால், குடிமகனான கணவர் அக்குழந்தைக்கும் தனி மனு போட வேண்டும். குழந்தைக்கு 18 வயது நிரம்பும் முன் இத்திருமணம் நடந்திருக்க வேண்டும் என்பது விதி.

தமிழிலோ அரபியிலோ உள்ள தாள்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர், தமக்கு இருமொழியிலும் தேர்ச்சி உண்டென்றும், மொழிபெயர்ப்பு முழுமையும் சரியுமானதென்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தஃப்தரின் ஓரத்தில் உள்ள முத்திரை வாசகத்தைக்கூட விட்டுவிடக் கூடாது.

உண்மை இல்லறத்தின் தடங்கள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். திருமணம் உண்மையானது என்பதை எப்படிக் காட்டுவது?

அமெரிக்கர் ஒருவர் மனத்தில் திருமணம் என்றவுடன் நெடுநாள் பழக்கம், ஒன்றாய்ச் சென்ற பயணங்கள், ஒரே முகவரி, கூட்டு வங்கிக் கணக்கு என்பவை தோன்றும். நம் பெண்ணோ மாப்பிள்ளையை நிக்காஹுக்கு முன் பெற்றோர் முன்னிலையில் ஒருமுறை பார்த்திருப்பாள். விருந்தில் ஆண்கள் தனியே, பெண்கள் தனியே. சில வீடுகளில் புகைப்படம் எடுப்பதே இல்லை. அதிகாரி எதிர்பார்க்கும் சான்று நம்மிடம் இல்லாமல் போவது இயல்பு. அதனால் நம் திருமணம் பொய்யாகிவிடாது. நம் முறைப்படி நடந்த உண்மைக்கு நம் முறையிலேயே தடங்கள் உண்டு. அவற்றைச் சேகரிக்க வேண்டும்.

அழைப்பிதழ், மண்டப ரசீது, இரு குடும்பத்தாரும் சேர்ந்திருக்கும் சில படங்கள், மஹர் செலுத்திய சான்று, கணவர் மாதந்தோறும் அனுப்பிய பணத்துக்கான வங்கிக் குறிப்பு, காப்பீட்டிலும் சேமநலக் கணக்கிலும் மனைவியை நியமித்த தாள், அவர் மறுபடி ஊர் வந்து சென்ற பயணச் சீட்டு, குழந்தை பிறந்திருந்தால் அதன் பிறப்புச் சான்று ஆகியவை வலுவான சான்றுகள். இத்திருமணத்தை நேரடியாக அறிந்த உறவினரோ அண்டை வீட்டாரோ எழுதித் தரும் உறுதிமொழியும் ஏற்கத்தக்கது. அதில் அவர்கள் எப்படி அறிவார்கள் என்பது விவரமாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாசகத்தில் கையொப்பமிட்டால் பயனில்லை.

கணவன் மனைவியின் அந்தரங்கப் பேச்சுகளை அச்சிட்டுக் கொடுக்க வேண்டுமோ என்று பெண்கள் அஞ்சுவதுண்டு. அது தேவையற்றது. எந்தெந்த நாளில் பேசினார்கள் என்ற அழைப்புப் பட்டியலே தொடர்பைக் காட்டிவிடும். மாதத்துக்கு ஒரு பக்கம் எடுத்து வைத்தால் போதும்.

சில தரகர்கள், "சான்று குறைவாக இருக்கிறதே, நாங்கள் தயாரித்துத் தருகிறோம்" என்று வருவார்கள். இல்லாத வாடகை ஒப்பந்தத்தையும், போகாத ஊரில் எடுத்த படத்தையும் உண்டாக்கித் தருவார்கள். அருகில் அண்டவிடாதீர்கள். உண்மையான கணவன் மனைவி ஒரு பொய்த் தாளைச் சேர்த்தாலும் உண்மைத் தாள்கள் அனைத்தின் மீதும் ஐயம் விழும். மேலும், முக்கிய விவரத்தில் பொய் சொல்லி விசா பெற முயன்றவர் என்ற முடிவு எழுதப்பட்டால், அது அந்நாட்டில் நுழையவே வாழ்நாள் தடையாகக் கூடும். குடியேறுவதற்காகவே நடத்தப்பட்ட போலித் திருமணம் என்று முடிவாகிவிட்டால், பிற்காலத்தில் வேறெவர் அவருக்காக மனுப் போட்டாலும் ஏற்கப்படாது. குடியேற்றப் படிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சட்ட ஆலோசனை வேண்டுமெனில் அந்நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞரை நாடுங்கள்.

பொறுப்பேற்புப் பத்திரம்

கணவர் ஐ-864 என்ற பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். மனைவி அந்நாட்டு அரசின் உதவியை நாடும் நிலை வராமல் தாம் காப்பாற்றுவதாக அளிக்கும் உறுதி அது. அவருடைய வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு அளவின்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலர். இத்தொகை ஆண்டுதோறும் மாறும். அண்மை ஆண்டு வருமான வரி ஆவணமும் வேலைச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். வருமானம் போதாதெனில், அமெரிக்காவில் வாழும் குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ இணைப் பொறுப்பாளராகலாம்.

இது வெறும் சடங்குத் தாளன்று. மனைவி குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரை, அல்லது அவர் நாட்டை விட்டே நீங்கும்வரை இப்பொறுப்பு தொடரும். மணவிலக்கு ஏற்பட்டாலும் முடிவதில்லை. மனைவி நீதிமன்றம் சென்று அதை நிறைவேற்றக் கோரலாம். இப்படி ஓர் உரிமை இருப்பது நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நேர்காணல்

நேர்காணலுக்கு முன், துணைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனையும் தடுப்பூசி விவரச் சரிபார்ப்பும் நடைபெறும். நம் குடும்ப மருத்துவரின் சான்று செல்லாது. முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் மறைக்காமல் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துச் செல்லுங்கள்.

புகைப்படத்தில் தலைமறைப்பு அணிந்திருக்கலாம். மார்க்கக் காரணத்துக்காக அன்றாடம் அணிவதை அனுமதிக்கிறார்கள். ஆனால் முகம் முழுவதும், நிழல் விழாமல், தெரிய வேண்டும். 2016 நவம்பர் 1 முதல் மூக்குக் கண்ணாடியோடு எடுத்த படம் ஏற்கப்படுவதில்லை.

பாஸ்போர்ட், நேர்காணல் அழைப்புக் கடிதம், டிஎஸ்-260 உறுதிப் பக்கம், புகைப்படங்கள், கணினியில் ஏற்றிய ஒவ்வொரு சான்றின் மூலப்பிரதி, அவற்றின் படிகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி எடுத்துச் செல்ல வேண்டும். கணவர் உடன் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை.

அதிகாரி கேட்பவை பெரும்பாலும் எளிய கேள்விகளே. இந்தச் சம்பந்தம் யார் மூலம் வந்தது? முதன்முதலில் எப்போது பேசினீர்கள்? நிக்காஹ் எங்கே நடந்தது, யார் யார் வந்தார்கள்? கணவர் என்ன வேலை பார்க்கிறார்? அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதன்பின் எத்தனை முறை வந்தார்? இவற்றுக்கு விடையை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் மறந்தால் திணறல் வரும். நடந்ததை நடந்தபடி சொல்பவருக்குத் திணறல் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை. ஆங்கிலம் சரளமாக வராததும் குற்றமன்று. இந்த விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது.

ஏற்பாட்டுத் திருமணம் என்பதை மறைத்துக் காதல் கதை சொல்லுமாறு சிலர் புத்தி கூறுவார்கள். கேட்காதீர்கள். பெற்றோர் பார்த்து, பெண்ணின் சம்மதத்தோடு நடந்த திருமணத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தெளிவாகச் சொன்னாலே போதும். விண்ணப்பத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகப் பெயர்களையும் கேட்கிறார்கள். அதிலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

ஏதேனும் ஒரு தாள் குறைந்தால் அதிகாரி ஒரு சீட்டு தந்து அதைக் கேட்பார். 'மறுப்பு' என்ற சொல் அதில் இருக்கும். கண்டதும் கலங்க வேண்டாம். கேட்ட தாளை ஓராண்டுக்குள் சமர்ப்பித்தால் விண்ணப்பம் தொடரும்.

அங்கேயே மணமுடிப்பவர்கள்

படிக்கச் சென்ற மகனோ மகளோ அங்குள்ள குடிமகன் ஒருவரை மணப்பதும் உண்டு. அங்குள்ள பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தந்த மாநிலச் சட்டப்படி உள்ளூர் அலுவலகத்தில் திருமண உரிமம் பெற்று, நிக்காஹ் நடத்தியவர் அதில் கையொப்பமிட்டுப் பதிவானால்தான் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படியான திருமணமாகும். முறையாக நுழைந்தவர்கள் பொதுவாக அங்கிருந்தபடியே ஐ-485 விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யலாம். 2024 டிசம்பர் 2 முதல் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் அத்துடனேயே இணைக்க வேண்டும் என்றாயிற்று. அங்கே நேர்காணல் என்றால் கணவன் மனைவி இருவரையும் அழைப்பார்கள். ஐயம் எழுந்தால் தனித்தனியே கேட்டு விடைகளை ஒப்பிடுவதும் உண்டு.

அவள் கையில் ஒரு பிரதி

பெற்றோர்களே! இவை அனைத்திலும் முதன்மையானதை இறுதியில் சொல்கிறேன்.

திருமணமாகி இரண்டாண்டு நிறையும் முன் அந்நாட்டில் காலடி வைக்கும் மனைவிக்கு, 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இரண்டாண்டுக்கான நிபந்தனைக் கார்டுதான் தருவார்கள். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 மனு போட்டு, இல்லறம் நீடிப்பதைக் காட்டினால் நிபந்தனை நீங்கும்.

இந்த இரண்டாண்டு, நல்ல கணவன் வாய்த்த பெண்ணுக்கு ஒரு தேதி மட்டுமே. கெட்ட கணவன் வாய்த்தவளுக்கோ அது ஒரு கத்தி. "நான் கையொப்பமிடாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டுபவன் இருக்கக்கூடும். அவள் அறிய வேண்டியது இது: உண்மையாக நடந்த திருமணம் மணவிலக்கில் முடிந்தாலோ, கணவன் அடித்துத் துன்புறுத்தினாலோ, அவன் கையொப்பம் இல்லாமலே தனித்து மனு போட அதே சட்டம் அவளுக்கு வழி வைத்திருக்கிறது. கொடுமைக்குள்ளான மனைவியருக்கென்று 1994-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஆனால் அப்படித் தனித்து நிற்கும் நாளில், "என் திருமணம் உண்மையானது" என்பதை அவளே மெய்ப்பிக்க வேண்டும். தாள்கள் எல்லாம் கணவன் பெட்டியில் பூட்டியிருந்தால் அவள் எதைக் காட்டுவாள்? எனவே மகளை விமானம் ஏற்றும் முன், திருமணப் பதிவுச் சான்று, தஃப்தர் நகல், பிறப்புச் சான்று, ஐ-130 மனு, ஐ-864 பத்திரம், நிக்காஹ் படங்கள் ஆகிய அனைத்திலும் ஒரு முழுப் பிரதியை அவள் கையில் கொடுங்கள். இன்னொரு பிரதியை உங்கள் வீட்டுப் பீரோவில் வையுங்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் படித்துப் புரிந்திருக்கட்டும். "மாப்பிள்ளை சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லும் நிலையில் அவளை அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டை அவளே வைத்திருக்க வேண்டும் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்முகத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். நல்ல மாப்பிள்ளை இதைக் குறையாக எண்ணமாட்டார்.

மகளுக்குச் சீராக எத்தனையோ பொருள்களைத் தேடித் தேடி வாங்குகிறோம். அந்தப் பெட்டிகளோடு இந்தக் கோப்பையும் வையுங்கள். விமானத்தில் எடை கூடினால் வேறெதையாவது இறக்கிவிடுங்கள், இதை இறக்காதீர்கள்.

கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறுபவை. மனு போடும் வாரத்தில் அமெரிக்கக் குடியேற்றத் துறை, வெளியுறவுத் துறை ஆகியவற்றின் அதிகாரபூர்வ அறிவிப்புகளைப் பார்த்துக் கொள்வது அவசியம்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்லறங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! கடல் கடந்து செல்லும் நம் பெண்மக்களைத் தன் பாதுகாப்பில் வைத்துக் கொள்வானாக! ஆமீன்.